நிறுவனமே செலவு செய்து டெவலப்பர் ஆக்குமா? கோத்தகிரித் தந்தை ஒருவரின் கேள்விக்கு விரிவான பதில்

கோத்தகிரி அருகே சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். மகள் ஊட்டியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கிறார். மகன் பிளஸ் டூ. சம்பளமும் கொடுத்து, தொழிலையும் கற்றுத்தந்து, நிறுவனமே சாஃப்ட்வேர் டெவலப்பராக ஆக்கிவிடும் என்று கேள்விப்பட்டது உண்மையா? உண்மை என்றால் அந்த நிறுவனத்துக்கு அதில் என்ன லாபம்? ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் 'அப்ரண்டிஸ்' இடம் வாங்கித் தருவதாகக் கோவையில் ஒரு பயிற்சி மையம் சொல்வதை நம்பலாமா? பெண்ணை மலையை விட்டு அனுப்பித்தான் ஆக வேண்டுமா? இவைதான் அவருடைய கேள்விகள்.

ஐயா, நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். ஆனால் அப்ரண்டிஸ் என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல ஏற்பாடுகள் நடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் நல்லது கெட்டது சொல்ல முடியாது. பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த வழி இரண்டு கேள்விகள்தான். பயிற்சிக்காலத்தில் பணம் எந்தத் திசையில் போகிறது? உங்கள் மகள் எழுதும் நிரலை, அதாவது கணினிக்கு எழுதும் கட்டளைகளை, உட்கார்ந்து படித்துத் திருத்தப் போகிறவர் யார்? மற்ற எல்லா விவரங்களும் இந்த இரண்டுக்கும் கீழேதான் வரும்.

சும்மா யார் காசு கொடுத்துக் கற்றுத்தருவார்கள் என்ற உங்கள் சந்தேகம் நியாயமானது. சும்மா யாரும் கொடுப்பதில்லை. முதல் காரணம் சட்டம். அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக இருந்தவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அவர்களுக்குப் பொருந்தும் அதே 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம்தான் மென்பொருள் நிறுவனங்களுக்கும் பொருந்துகிறது. 2014-ஆம் ஆண்டுத் திருத்தம், பொறியியல் அல்லாத பட்டதாரிகளையும், நிறுவனங்கள் தாமே வகுத்துக்கொள்ளும் புதிய தொழிற்பிரிவுகளையும் இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம், ஒப்பந்தப் பணியாளர்களையும் சேர்த்த மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். இரண்டாவது காரணம் அரசின் பங்கு: பட்டதாரிகளுக்கும் பட்டயதாரிகளுக்குமான தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தில், குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது, 2016-இல் தொடங்கிய ஊக்குவிப்புத் திட்டத்தில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, ஏற்கிறது. மூன்றாவது காரணத்தை நிறுவனங்கள் வெளிப்படையாகச் சொல்வதில்லை. முழுச் சம்பளத்துக்கு எடுக்கும் பட்டதாரிக்கும் எப்படியும் பல மாதம் கற்றுத்தர வேண்டியிருக்கிறது. அந்த மாதங்களைக் குறைந்த தொகையில் கழித்துவிட்டு, தேறியவர்களை மட்டும் வைத்துக்கொள்வது அவர்களுக்கு நல்ல கணக்கு. இதில் தவறொன்றும் இல்லை. கணக்கு இரு பக்கமும் சரியாக வருகிறதா என்று மட்டும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய ஏற்பாடும் அன்று. ஜெர்மனியில் 1997 முதல் மென்பொருள் உருவாக்கம் முறையான மூன்றாண்டுத் தொழிற்பயிற்சியாகவே இருக்கிறது. மாணவர் நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே தொழிற்பள்ளிக்கும் போகிறார். பிரிட்டனில் 2017 ஏப்ரல் முதல், ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்களிடம் அரை சதவீதம் வரி வசூலித்து, அந்தப் பணத்தை அப்ரண்டிஸ் பயிற்சிக்கே திருப்பித் தருகிறார்கள். அங்கெல்லாம் டெவலப்பர் ஆவதற்குக் கல்லூரிக்கு இணையான வழியாக இது மதிக்கப்படுகிறது. இங்கே இன்னும் அந்த மதிப்பு வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தொகைக்கு வருவோம். 2019 விதிகள் பட்டதாரி அப்ரண்டிஸுக்கு மாதம் 9,000 ரூபாயும், டிப்ளமோ முடித்தவருக்கு 8,000 ரூபாயும், பிளஸ் டூ முடித்தவருக்கு 7,000 ரூபாயும் குறைந்தபட்சமாக நிர்ணயித்தன. இதை 6,800 முதல் 12,300 ரூபாய் வரையிலான வரம்புக்கு உயர்த்தலாம் என்று மத்தியத் தொழிற்பழகுநர் மன்றம் 2025 மே மாதம் பரிந்துரைத்தது. சேரும் நாளில் நடைமுறையில் உள்ள தொகையை அரசின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இவை அடிமட்டத் தொகைகள். கூடுதலாகக் கொடுக்க எந்தத் தடையும் இல்லை. நல்ல மென்பொருள் நிறுவனங்கள் கூடுதலாகவே கொடுக்கின்றன.

சட்டம் தராதது எது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அப்ரண்டிஸ் என்பவர் சட்டத்தின் கண்ணில் பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளி அல்லர் என்று 18-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. போன்றவற்றை எதிர்பார்க்க வேண்டாம். பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. ஆனால் பயிற்சிக்குப் பின் இங்கேயே பணிபுரிய வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால், அந்த நிபந்தனை இரு பக்கமும் கட்டும்: அவர்கள் வேலை தர வேண்டும், இவர் சேர வேண்டும். இந்த ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது, வாய்மொழியாகக் கேட்கும் உறுதிமொழிகள் எல்லாவற்றையும் விடப் பயனுள்ளது.

இனி, சட்டத்துக்கு வெளியே நிறுவனங்கள் தாமே நடத்தும் திட்டங்கள். உங்கள் மகனுக்கு இவைதான் அதிகம் பொருந்தும். சோஹோ நிறுவனம் தென்காசியிலும் சென்னையை அடுத்தும் நடத்தும் பள்ளியில் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைத் தேர்வும் நேர்காணலும் வைத்து எடுக்கிறார்கள். கட்டணம் இல்லை, இரண்டாண்டுப் படிப்பு, மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகை, பிற்பகுதியில் நிறுவனத்தின் குழுக்களிலேயே வேலை. பல்கலைக்கழகப் பட்டம் கிடைக்காது. பட்டம் இல்லாமல் பிள்ளை நின்றுவிடுவானே என்ற கவலை வீட்டில் எழும் என்பது எனக்குத் தெரியும். அஞ்சல் வழியில் ஒரு பட்டத்தை உடன் படித்துக்கொள்வது பெரிய காரியம் இல்லை. அரசுத் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் அது அவசியமும்கூட.

எச்.சி.எல். நடத்தும் 'டெக் பீ' திட்டம் வேறு மாதிரி. பிளஸ் டூவில் கணிதமோ வணிகக் கணிதமோ படித்தவர்களைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டுப் பயிற்சி கொடுத்து, வேலையில் அமர்த்தி, சாஸ்த்ரா, பிட்ஸ் பிலானி போன்ற பல்கலைக்கழகங்களின் பட்டப்படிப்பை வேலையோடு சேர்த்துப் படிக்க வைக்கிறார்கள். பயிற்சிக்குக் கட்டணம் உண்டு. அதற்கு வங்கிக் கடன் ஏற்பாடும் உண்டு. ஆகவே, கட்டணம் கேட்டாலே மோசடி என்று ஒரே அடியாகச் சொல்லிவிட முடியாது. அங்கே கவனிக்க வேண்டியது, எந்தப் பிரிவில் சேர்க்கிறார்கள் என்பதுதான். நிரல் எழுதும் வேலை, சோதிக்கும் வேலை, சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை, வாடிக்கையாளர் அலுவலகப் பணி என எல்லாமே ஒரே திட்டத்தின் கீழ் வரலாம். எல்லாம் கௌரவமான வேலைகளே. ஆனால் டெவலப்பர் ஆக வேண்டும் என்று போனவர் மூன்றாண்டு சர்வர் பார்த்துக்கொண்டிருந்தால் பிறகு பாதை மாற்றுவது கடினம்.

மகளுக்கு விப்ரோவின் வேலையோடு கூடிய கல்வித் திட்டத்தைப் பார்க்கலாம். பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்களை எடுத்து, வேலை செய்துகொண்டே எம்.டெக். படிக்க நிறுவனமே செலவு செய்கிறது. அதற்கு ஈடாக 60 மாத ஒப்பந்தம். ஐந்தாண்டு நீண்ட காலம்தான், ஆனால் பி.எஸ்சி.யோடு தொடங்கி, கைக்காசு செலவில்லாமல் முதுநிலைப் பட்டத்தோடும் ஐந்தாண்டு அனுபவத்தோடும் வெளியே வருவது குறைவான பேரம் இல்லை என்பது என் கருத்து. அரசு நிறுவனங்களிலும் இடம் உண்டு. நெய்வேலி என்.எல்.சி. கணினி அறிவியல் பட்டதாரிகளை அப்ரண்டிஸாக எடுப்பதுண்டு. அங்கே சான்றிதழும் ஒழுங்கான உதவித்தொகையும் கிடைக்கும். ஆனால் மென்பொருளை விற்றுப் பிழைக்காத இடத்தில், கணினி தெரிந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் பதிவேடு ஏற்றும் வேலைதான் வந்து சேரும்.

அந்தக் கோவைப் பயிற்சி மையத்தைப் பற்றி. சட்டப்படியான அப்ரண்டிஸ் ஏற்பாட்டில் பணம் நிறுவனத்திடமிருந்து மாணவருக்கு வருகிறது. ஒப்பந்தம் நிறுவனத்துக்கும் மாணவருக்கும் இடையே, அரசுத் தளத்தில் பதிவாகிறது. நடுவில் ஒருவர் ஒன்றரை லட்சம் கேட்டால், எந்த நிறுவனம், அதன் பதிவு எண் என்ன, ஒப்பந்தத்தில் எந்தத் தொழிற்பிரிவு எழுதப்படும் என்று எழுத்தில் கேளுங்கள். 'இளநிலை மென்பொருள் உருவாக்குநர்' என்றே ஒரு தொழிற்பிரிவு இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லாமல், 'கம்பெனியில் உட்கார வைக்கிறோம், அனுபவச் சான்று தருகிறோம்' என்று மட்டும் சொன்னால், நீங்கள் கட்டப்போவது டியூஷன் பணம். டியூஷன் வேண்டுமென்றால் ஊட்டியிலேயே இதைவிடக் குறைந்த செலவில் படிக்கலாம்; இணையத்தில் இலவசமாகவும் படிக்கலாம்.

இப்போது இரண்டாவது கேள்வி: நிரலைப் படித்துத் திருத்தப் போகிறவர் யார்? ஃபிட்டர் அப்ரண்டிஸ் அரத்தைப் பிடிக்கும் கோணத்தைப் பக்கத்தில் நிற்கும் மூத்தவர் பார்த்துத் திருத்துவது போல, எழுதிய நிரலை மூத்த டெவலப்பர் வரிவரியாகப் படித்துக் குறிப்பு எழுதுவதை எங்கள் தொழிலில் 'கோட் ரிவ்யூ' என்பார்கள். புதியவர்களின் நிரலைப் படிக்கும் வேலையைச் செய்பவன் என்பதால், அது எப்படி நடக்கும் என்று உங்களுக்குப் பழக்கமான கணக்கை வைத்தே காட்டுகிறேன்.

பசுந்தேயிலைக் கொள்முதல் கணக்குக்கு ஒரு சிறிய மென்பொருள் என்று வைத்துக்கொள்வோம். விவசாயி தினமும் கொடுத்த இலையின் எடை, அந்த மாதத்தின் கிலோ விலை, பெருக்கி மாதக் கடைசியில் பட்டுவாடா. புதிதாக வந்த பெண் அழகாக எழுதி முடித்துவிட்டார். திரையும் நன்றாக இருக்கிறது. ஆனால் மொத்தத் தொகை ஃபேக்டரிக் கணக்கரின் பேரேட்டோடு சில பைசா இடிக்கிறது. கடைசித் தொகையை மட்டும் முழு ரூபாயாக்கி அவர் அதை மறைத்துவிடப் பார்க்கிறார். படிக்கும் மூத்தவர் அங்கேயே நிறுத்தி, பைத்தான் என்ற நிரல்மொழியின் திரையில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொல்கிறார். 0.30000000000000004 என்று வருகிறது. பத்தில் ஒன்றைப் பதின்மத்தில் எழுதிவிடலாம். கணினி பயன்படுத்தும், 0, 1 மட்டுமே கொண்ட இரும எண்களில் அது முடிவில்லாமல் நீளும், கணினி அதை ஓரிடத்தில் வெட்டிவிடுகிறது. ஆகவே எடையைக் கிராமிலும் பணத்தைப் பைசாவிலும் முழு எண்களாக வைத்துக்கொள், ரூபாயாகக் காட்டுவது திரையின் வேலை என்று குறிப்பு எழுதுகிறார். அடுத்த குறிப்புதான் முக்கியம்: பைசாவைத் திருத்துவது ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவருக்குமா, மாதக் கடைசியில் ஒருமுறையா? அதை நாம் தீர்மானிக்க முடியாது, கணக்கரிடம் கேட்டு வா. அந்தப் பெண் கேட்டு வந்து, இரண்டு முறைக்கும் வித்தியாசம் வரும்படியான எண்களை வைத்து ஒரு சோதனை எழுதி, மறுபடி அனுப்புகிறார்.

ஒரு மதியத்தில் முடிந்துவிடும் விஷயம் இது. எண்களின் இயல்பு, பிழையை மறைக்காமல் வேரைத் தேடுவது, யாரிடம் எதைக் கேட்பது, சோதனை எழுதுவது எல்லாம் அந்த ஒரு மதியத்துக்குள் அடங்கிவிட்டன. இப்படி ஆண்டு முழுவதும் வாரத்துக்குச் சில முறை நடந்தால் அது அப்ரண்டிஸ் பயிற்சி. நடக்காத இடத்தில் எத்தனை ஆயிரம் உதவித்தொகை கொடுத்தாலும், அது மலிவான ஆள் எடுப்பதுதான்.

அதனால், நேர்காணலின் முடிவில் 'உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா' என்று அவர்கள் கேட்கும்போது மகள் தயங்காமல் கேட்கட்டும். என்னுடைய நிரலை யார் படிப்பார்? அவர் ஒரே நேரத்தில் எத்தனை அப்ரண்டிஸ்களைப் பார்த்துக்கொள்கிறார்? முதல் ஆறு மாதத்தில் நான் எழுதுவது உண்மையான பயனாளர்களிடம் போகுமா? போன ஆண்டு வந்தவர்கள் இப்போது எந்தக் குழுவில் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரிடம் பேச முடியுமா? கடைசிக் கேள்விக்கு முகம் கோணுகிற நிறுவனத்தைப் பற்றி மேலும் விசாரிக்கத் தேவையில்லை. ஒரு மூத்தவருக்கு நாலைந்து பேருக்கு மேல் ஒப்படைத்திருந்தால் படிக்க நேரமே இருக்காது என்பதும் என் அனுபவம்.

குறிப்பிட்ட காலம் விலக மாட்டேன் என்று எழுதித்தரும் பாண்ட் பற்றிப் பலரும் 'அது செல்லாது, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடலாம்' என்கிறார்கள். அந்தப் பேச்சை நம்ப வேண்டாம். குறிப்பிட்ட காலம் பணிபுரியாமல் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி விதித்த நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்திருக்கிறது. அதே நேரத்தில், ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீட்டை மட்டுமே கோர முடியும். எழுதிய தொகை முழுவதும் தானாக வந்துவிடாது. ஆகவே பாண்ட் இருப்பதே குற்றமில்லை. தொகை என்ன, மாதம் ஆக ஆக அது குறைகிறதா, நிறுவனமே வெளியே அனுப்பினால் யார் கட்டுவது என்று மூன்றையும் படித்துவிட்டுக் கையெழுத்திடலாம். மதிப்பெண் பட்டியலின் அசலைக் கேட்டால் சரிபார்க்கக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிவிடுங்கள். தேதியிடாத காசோலையை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். மகனுக்கு 18 வயது நிரம்பவில்லை என்றால் அப்ரண்டிஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியவர் நீங்கள்தான்.

மலையை விட்டு அனுப்பத்தான் வேண்டுமா என்பது எல்லாவற்றையும் விடக் கடினமான கேள்வி. நேராகச் சொல்வதென்றால், முதல் ஓராண்டுக்காவது அனுப்புங்கள். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று சொல்லும் நிறுவனங்கள் இருக்கின்றன. அனுபவம் உள்ளவருக்கு அது சரிப்படும். புதியவருக்குப் பக்கத்து மேசைக்காரர் எப்படிப் பிழை தேடுகிறார் என்று பார்ப்பதே பாதிப் படிப்பு. அது கேமரா வழியாக வராது. நம் மலையின் மின்சாரமும் இணையமும் மழையைப் பொறுத்தவை என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பெய்த வாரம் ஓர் உச்சம். ஆனால் ஐப்பசியில் ஒரு மரம் சாய்ந்தாலே கோத்தகிரிச் சாலையும் கம்பியும் சேர்ந்தே போய்விடும் நாட்கள் எல்லா ஆண்டும் வருகின்றன. கோவையில் மென்பொருள் நிறுவனங்கள் அதிகம் இருக்கும் சரவணம்பட்டி, பீளமேடு பக்கம் தினமும் போய் வருவது நடக்காது. பெண்கள் விடுதியில் தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்து மாதம் 6,000 முதல் 8,000 ரூபாய் வரை ஆகும். ஆக, 9,000 ரூபாய் உதவித்தொகை என்றால் வீட்டிலிருந்து கொஞ்சம் அனுப்ப வேண்டியிருக்கும். இலை விலை இறங்கிய மாதத்திலும் அந்தத் தொகை உங்களால் முடியுமா என்று இப்போதே கணக்குப் போட்டுவையுங்கள். தங்குமிடம் கொடுக்கும் நிறுவனம் இரண்டாயிரம் குறைவாகக் கொடுத்தாலும் அதுவே மேல்.

சேருவதற்கு முன் மகள் தயார் செய்துகொள்ள வேண்டியது நீண்ட பட்டியல் இல்லை. ஏதாவது ஒரு மொழியில் நன்றாக எழுதத் தெரிய வேண்டும். பைத்தானோ ஜாவாவோ, எதுவானாலும் சரி. தரவுத்தளத்திலிருந்து விவரங்களை எடுக்கும் எஸ்.க்யூ.எல். கேள்வி எழுதவும், 'கிட்' வைத்துத் தன் நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கவும் தெரிந்தால் போதும். அதோடு, தானே எழுதிய, உண்மையில் யாரோ பயன்படுத்துகிற ஒரு சிறிய மென்பொருள்: உங்கள் தோட்டத்தின் இலைக் கணக்கு, ஊர்ச் சங்கத்தின் சந்தாப் பதிவேடு, எதுவாகவும் இருக்கலாம். பத்துச் சான்றிதழ்களை விட அந்த ஒன்றைப் பற்றித்தான் நேர்காணலில் அதிகம் கேட்பார்கள், அவளாலும் அதைப் பற்றித்தான் தடையில்லாமல் பேச முடியும்.

பதிவுக்கு இரண்டு அரசுத் தளங்கள் உண்டு: பட்டதாரிகளுக்கும் டிப்ளமோக்காரர்களுக்கும் கல்வி அமைச்சகத்தின் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத் தளம், மற்றவர்களுக்குத் திறன் மேம்பாட்டு அமைச்சகத்தின் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா தளம். தென்மாநிலங்களுக்கான பழகுநர் பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. ஒரு நிறுவனம் தன்னை அப்ரண்டிஸ் நிறுவனம் என்று சொன்னால், அதன் பெயர் இந்தத் தளங்களில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அரசின் பங்கு நேரடியாக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வருவதால், ஆதார் அந்தக் கணக்கோடு இணைந்திருக்க வேண்டும். இணைப்பில் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இடிப்பது இனிஷியல்தான். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், வங்கிப் புத்தகத்தில் இரண்டும் இல்லாமல் என்று மூன்று விதமாக இருந்தால் தொகை மாதக்கணக்கில் நிற்கும். தேர்வு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மே மாதச் சீசன் கூட்டத்தில் ஊட்டிக்குப் போய் வருவதற்கே ஒரு நாள் போய்விடும். பொங்கல் விடுமுறை முடிந்ததும் இருவருக்கும் சேர்த்துத் திருத்திவிடுங்கள்.